மேற்பரப்பில் ஏற்பி குறைந்தால் மறுசுழற்சிதான் பழுதா?

வணக்கம். மரபணுவை ஒடுக்கியபின் செல் மேற்பரப்பில் உங்கள் ஏற்பி (வெளியிலிருந்து வரும் மூலக்கூறைப் பிடிக்கும் புரதம்) பாதியாகக் குறைந்தது, ஆகவே உள்ளே போன அது எண்டோசோமிலிருந்து (உள்ளிழுத்தவற்றைப் பிரித்தனுப்பும் பை) மேற்பரப்புக்குத் திரும்பவில்லை, அதாவது மறுசுழற்சி பழுது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘ஆகவே’ அவசரமானது. உற்பத்தி குறைந்தாலும், உள்ளிழுப்பு வேகமெடுத்தாலும், செல்லின் சிதைப்பு அறையான லைசோசோமில் சிதைவு கூடினாலும் இதே படம்தான் கிடைக்கும்.

முதலில் செல்லில் உள்ள இந்த ஏற்பியின் மொத்த அளவை வெஸ்டர்ன் பிளாட்டில் (குறிப்பிட்ட புரதத்தின் அளவைக் காட்டும் சோதனை) பாருங்கள். அதுவும் குறைந்திருந்தால் லைசோசோம் சிதைவைத் தடுக்கும் பஃபிலோமைசின் ஏ1 கொடுங்கள். அளவு மீண்டால் சந்தேகம் லைசோசோம் பக்கம் திரும்பும்.

மறுசுழற்சியை நேரடியாக அளக்க, துண்டிக்கக்கூடிய பயோட்டின்தான் (புரதத்தில் ஒட்டி, பிறகு வெட்டி நீக்கத்தக்க குறி) என் தேர்வு. மேற்பரப்புப் புரதங்களை, உள்ளிழுப்பு நிற்கும் 4 டிகிரி செல்சியஸில் குறியிடுங்கள். 37 டிகிரியில் உள்ளே போக விட்டு, வெளியே எஞ்சிய பயோட்டினைக் குளிரிலேயே, செல்லுக்குள் நுழையாமல் வெளியே மட்டும் குறியை வெட்டும் குளூட்டாதியோனால் அகற்றுங்கள். மறுபடி 37 டிகிரிக்குக் கொண்டுபோய், குளிர்வித்து, இரண்டாம் முறை அகற்றுங்கள். இப்போது மறையும் சிக்னலில் வெளியே திரும்பிய பங்கு இருக்கிறது. சிதைந்த பங்கும் கலந்திருக்கிறது. அதனால் இரண்டாம் அகற்றல் செய்யாத ஒரு தட்டு கட்டாயம் வேண்டும்; அதில் குறைவது சிதைவின் பங்கு. இந்தக் கட்டுப்பாட்டை விட்டுவிட்டு வரைபடம் போடுபவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

கூடவே ஒளிரும் டிரான்ஸ்ஃபெரினை (செல்லுக்குள் போய் இயல்பாக வெளியே திரும்பும் இரும்பு தாங்கும் புரதம்) ஊட்டி, பிறகு குறியிடாத டிரான்ஸ்ஃபெரின் மிகுந்த ஊடகத்துக்கு மாற்றிப் பாருங்கள். அதுவும் உள்ளேயே தங்கினால் பொதுப் பாதையே பாதிக்கப்பட்டிருக்கலாம். அது இயல்பாக வெளியேறி, உங்கள் ஏற்பி மட்டும் தங்கினால் எண்டோசோமில் சரக்கைப் பிரித்தனுப்பும் ரெட்ரோமர் போன்ற வரிசையாக்கப் புரதக் கூட்டமைப்புகளைச் சோதியுங்கள். அதே மரபணுவை ஒடுக்கும் வேறொரு எஸ்ஐஆர்என்ஏவிலும் (மரபணுவை ஒடுக்கும் சிறு ஆர்என்ஏ) இதே விளைவு வருகிறதா என்பதை அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.