ப்ரொஃபைல் ஸ்பாட்டில் ஒளி ஒரு பக்கம் சாய்ந்து விழுவது ஏன்?

கேள்வி: மயிலாப்பூரில் இயங்கும் எங்கள் நாடகக் குழுவிடம் பழைய 1000 வாட்ஸ் ஹாலஜன் ப்ரொஃபைல் ஸ்பாட் (கூர்மையான விளிம்புள்ள ஒளிவட்டம் போடும் மேடை விளக்கு) ஒன்று உள்ளது. வட்டத்தின் ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் மங்கலாகவும் விழுகிறது. ஒளியை வெட்டும் உலோகத் தகடான ஷட்டர்களில் மேலே உள்ளதைத் தள்ளினால் ஒளியின் கீழ்ப்பக்கம் வெட்டுப்படுகிறது. பல்பும் அடிக்கடி போகிறது. புது லைட் வாங்கிவிடலாமா?

பதில்: வாங்க வேண்டாம். ஷட்டர் விஷயம் கோளாறே இல்லை. மற்ற இரண்டையும் நீங்களே சரிசெய்யலாம்.

இந்த லைட்டின் ரிஃப்ளெக்டர் நீள்வட்ட வடிவம் கொண்டது. அதற்கு இரண்டு குவிமையங்கள். முதல் குவிமையத்தில் பல்பின் இழை இருந்தால், ஒளி இரண்டாவது குவிமையத்தை நோக்கிக் குவியும். அதன் அருகில்தான் 'கேட்', அதாவது ஒளி கடந்துபோகும் திறப்பு, இருக்கிறது. ஷட்டர், ஐரிஸ் (வட்டத்தைச் சுருக்கும் வளையம்), கோபோ (உருவம் வெட்டிய தகடு) எல்லாம் அங்கேதான். முன்னால் உள்ள லென்ஸ், கேட்டின் பிம்பத்தைத் தலைகீழாக மேடையில் போடுகிறது. அதனால்தான் மேல் ஷட்டர் கீழே வெட்டுகிறது.

ஒரு பக்கம் மங்கினால், பெரும்பாலும் இழை குவிமையத்தை விட்டு விலகியிருக்கிறது. வெள்ளைச் சுவரிலிருந்து ஐந்தாறு மீட்டர் தள்ளி லைட்டை உறுதியாகப் பொருத்துங்கள். ஷட்டர்களை முழுக்க வெளியே இழுத்து, வட்டத்தின் விளிம்பு கூர்மையாகும்வரை லென்ஸை நகர்த்துங்கள். பின்பக்கம் பல்பின் இடத்தைச் சரிசெய்யும் திருகுகளோ குமிழோ இருக்கும். முதலில் பக்கவாட்டில் நகர்த்தி, பளிச்சிடும் பகுதியை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். அதன்பிறகே முன்பின் அசைவு. ஒரு திசையில் நடு மிகப் பிரகாசமாகும், எதிர்த்திசையில் நடுவே இருட்டு தோன்றும். இருட்டு தொடங்குவதற்குச் சற்று முன் நிறுத்தினால் ஒளி சமமாகப் பரவும். முகங்களுக்கு அதுவே நல்லது. கையுறை கட்டாயம், லைட்டின் உடல் பாகம் கொதிக்கும்.

இதற்கும் சரிவராவிட்டால் லென்ஸைப் பாருங்கள். இரட்டை லென்ஸ் உள்ள பழைய மாடல்களில் குமிழ்ந்த முகங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்க வேண்டும். துடைத்த பிறகு தப்பாகத் திருப்பி மாட்டியிருப்பது அடிக்கடி காணும் தவறு.

பல்பு போவதற்குப் பல காரணங்கள் உண்டு. முதலில் சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். தொடர்பு தளர்ந்தால் அங்கே தீப்பொறி பறந்து உலோகம் பொத்தலாகும். அந்தச் சாக்கெட்டில் புதுப் பல்பைப் போட்டால் அதன் பின்களும் (உலோகக் கால்களும்) கெடும். கடல் காற்றில் துரு வேறு சீக்கிரம் ஏறும். எனவே பின்கள் கருகியிருந்தால் பல்பையும் சாக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பல்பின் கண்ணாடியை வெறுங்கையால் தொட்டால் எண்ணெயும் உப்பும் படிந்து, சூட்டில் அந்த இடம் பலவீனமாகிப் புடைக்கும். தொட்டுவிட்டால் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடைத்துவிடுங்கள். ஜெனரேட்டரில் ஓட்டும்போது மல்டிமீட்டரால் வோல்டேஜைப் பாருங்கள். 230 வோல்ட் பல்புக்கு 5 சதவீதம் கூடினாலே ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். எரிந்துகொண்டிருக்கும்போது லைட்டை இடம் மாற்றவே கூடாது. சூட்டில் இளகிய இழை சிறு அதிர்வுக்கே அறுந்துவிடும்.

ஷட்டர் இறுகினால் எண்ணெய் விடாதீர்கள். அது புகைந்து லென்ஸில் படியும். உலர் கிராஃபைட் தூள் போதும். ஷட்டர்களை நன்றாக உள்ளே தள்ளிய நிலையில் லைட்டை நெடுநேரம் எரியவிட்டால் தகடு வளையும். வளைந்த தகட்டை நிமிர்த்தி மாட்டுவதைவிடப் புதிதாக வெட்டிப் போடுவதே சரி.