பக்கத்து மனையில் பள்ளம், நம் சுவரில் விரிசல்: குடியிருப்போரே கண்காணிக்க முடியுமா?

கேள்வி: மடிப்பாக்கத்தில் 1998-இல் கட்டிய மூன்று மாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் நான். ஒட்டிய மனையில் தரைக்குக் கீழே இரண்டு தளங்கள் (பேஸ்மென்ட்) அமைக்கத் தோண்டுகிறார்கள். இரவும் பகலும் மோட்டார் வைத்து நீர் இறைக்கிறார்கள். எங்கள் படிக்கட்டுச் சுவரிலும் இரண்டு வீடுகளிலும் விரிசல் கண்டிருக்கிறது. 40,000 ரூபாய் கொடுத்தால் கட்டட உறுதிச் சான்றிதழ் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா? நிலம் நகர்கிறதா என்பதை நாங்களே கண்காணிக்க முடியுமா?

பதில்: முடியும். அந்தச் சான்றிதழ் வேண்டாம். ஒருநாள் வந்து பார்ப்பவர் அன்றைய நிலையைத்தான் எழுதித் தர முடியும். உங்கள் கேள்வியோ கட்டடம் அசைகிறதா, அசைவு வளர்கிறதா என்பது. இடைவெளி விட்டுத் தொடர்ந்து எடுத்த அளவுகள்தாம் அதற்கு விடை சொல்லும். அவற்றை எடுக்க அங்கேயே குடியிருப்பவர்களைவிடப் பொருத்தமானவர்கள் கிடையாது.

ஆழமாகத் தோண்டும்போது பக்கத்து மண் தன் பக்கத் தாங்கலை இழந்து பள்ளத்தை நோக்கிச் சாய்கிறது. நீரை இறைக்கும்போது களிமண் இறுகி அமிழ்கிறது, மணலாக இருந்தால் நீரோடு சேர்ந்தே வெளியேறுகிறது. கிண்டி, பரங்கிமலைப் பக்கம் பாறை அதிக ஆழமில்லாமல் கிடைக்கும். பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய உங்கள் பகுதி அப்படியல்ல. இளகிய களிமண்ணில் பள்ளத்தின் ஆழத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம்வரையும், சில வேளை அதற்கு மேலும், நிலம் அமிழக்கூடும். 25 அடிப் பள்ளம் என்றால் 50 அடி தள்ளியிருக்கும் பின்தெரு வீடுகளும் இதில் அடக்கம் என்பதால், அவர்களையும் இன்றே சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். விரிசலின் இருபுறமும் ஒவ்வோர் எஃகு ஆணி அடித்து, அவற்றின் இடைவெளியை வெர்னியர் காலிப்பரால் வாரம் ஒருமுறையும், உங்கள் பக்கமாகத் தோண்டும் நாட்களில் தினமும் அளந்து எழுதுங்கள். வெயிலில் சுவர் விரியும் என்பதால் எப்போதும் காலையில் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். கட்டடம் ஒருபக்கம் அமிழ்கிறதா என்பதைக் கொத்தனார் வைத்திருக்கும், நீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாயான டியூப் லெவலே காட்டிவிடும்: நான்கு மூலைத் தூண்களிலும் ஒரே மட்டத்தில் கோடு போட்டு, மாதம் இருமுறை சரிபாருங்கள். ஒப்பிடுவதற்கான ஒரு கோட்டைப் பள்ளத்திலிருந்து 100 அடிக்கு அப்பாலுள்ள கட்டடத்தில் போடுங்கள். அருகில் போட்டால் அதுவும் சேர்ந்து இறங்கி ஏமாற்றும். கிணறு இருந்தால் நீர்மட்டத்தையும் குறியுங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று, அவர்கள் இறைத்து வெளியேற்றும் நீர். அதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஓர் இரவு அசையாமல் வையுங்கள். அடியில் மணலும் வண்டலும் படிந்து, அந்தப் படிவு வாரத்துக்கு வாரம் கூடினால், தண்ணீரோடு சுற்றுப்புற மண்ணும் போகிறது என்று பொருள். அந்தப் பாட்டிலின் படம், நீங்கள் எழுதும் எந்த மனுவையும்விட வலுவானது.

எல்லாவற்றையும் தைத்த நோட்டில், அடித்தல் திருத்தல் இல்லாமல், இருவர் கையெழுத்துடன் எழுதுங்கள். படங்களில் ஓர் அளவுகோல் தெரியட்டும். அசல் கோப்புகளை அழிக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் எடுத்த தேதி முதலிய விவரங்கள் தங்குவதில்லை.

ஒரு விதிவிலக்கைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். ஆழமில்லாத கடைக்கால் கொண்ட கட்டடங்களிலும் மதிற்சுவர்களிலும் ஏப்ரல், மே மாதங்களில் விரிசல் திறந்து, வடகிழக்குப் பருவமழையில் ஓரளவு மூடிக்கொள்வது இயல்பு. அந்த விரிசல் மெதுவாக வரும், கட்டடத்தின் எல்லாப் பக்கமும் தெரியும். பள்ளத்தால் வருவது பள்ளத்தை நோக்கிய பக்கத்தில் மிகுந்திருக்கும், படிபோல் சாய்ந்து ஏறும், தோண்டிய நாட்களோடும் இறைத்த நாட்களோடும் ஒட்டி வளரும், மழை வந்தாலும் மூடாது. ஆனால் வேலை கோடையில் தொடங்கியிருந்தால் இரண்டும் கலந்துவிடும். ஒப்பந்ததாரர் "வெயில் விரிசல்" என்று சொல்லித் தப்பவும் அதுவே வழியாகிவிடும். ஆகவே மூன்று தெரு தள்ளி, அதே மண்ணில், ஏறத்தாழ அதே வயதுள்ள ஒரு கட்டடத்தின் விரிசலையும் அதே நாளில் அளந்து வாருங்கள். அங்கே அளவு நிற்க உங்கள் சுவரில் மட்டும் அது கூடினால், வெயிலின் மேல் பழி போட முடியாது.

இனி அந்த 40,000 ரூபாய்க்காரரைப் பற்றி. இப்படிப்பட்டவர்களை நகரெங்கும் பார்க்கிறேன். ரீபவுண்ட் சுத்தியலை நான்கு தூண்களில் தட்டிவிட்டு "கட்டடம் உறுதி" என்று முத்திரை குத்துவார்கள். அந்தக் கருவி கான்கிரீட்டின் மேற்பரப்புக் கடினத்தைக் காட்டுமே தவிர, கடைக்காலின் கீழே மண் போவதை அதனால் அறியவே முடியாது. அந்தத் தாளை நாளை எதிர்த்தரப்பே உங்களுக்கு எதிராக நீட்டும்: சான்றிதழில் உறுதி என்றுதானே இருக்கிறது? இன்னொரு வகையினர் ஒப்பந்ததாரரின் ஆட்கள். விரிசலைப் புட்டி வைத்து அடைத்து, இலவசமாகப் பெயிண்ட் அடித்துத் தருவார்கள்; பதிலுக்கு "சேதம் எதுவும் இல்லை" என்று ஒரு கையெழுத்துக் கேட்பார்கள். புட்டி வைத்த அன்றே உங்கள் ஆதாரம் அழிந்துவிடும். பணி முடிந்து ஒரு மழைக்காலம் கழியும்வரை எந்த விரிசலையும் பூசவிடாதீர்கள், எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள். நிபுணர் தேவைப்பட்டால் பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளரையும் மண்ணியல் பொறியாளரையும் நீங்களே நேரில் அமர்த்துங்கள். அண்ணா பல்கலைக்கழகம், சென்னை ஐ.ஐ.டி. ஆகியவற்றின் கட்டடப் பொறியியல் துறைகளும் ஆலோசனைப் பணி ஏற்கின்றன. இடைத்தரகர் எதற்கு?

பக்கத்து நிலத்தின் தாங்கலைப் பெறும் உரிமை 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. 20 ஆண்டுகள் தடையின்றி நிற்கும் கட்டடத்துக்கும் அந்தத் தாங்கலை அச்சட்டத்தின் கீழ் கோரலாம் என்பதால் உங்கள் வழக்கறிஞரிடம் இதைக் கேளுங்கள். சட்டம் இருந்தும் நடைமுறை இல்லை. மெட்ரோ சுரங்கம் தோண்டும்போது வழித்தடக் கட்டடங்களை முன்கூட்டியே ஆய்ந்து கருவி பொருத்துகிறார்கள். அப்படியிருந்தும் 2017 ஏப்ரலில் அண்ணா சாலை உள்வாங்கி ஒரு பேருந்தும் காரும் இறங்கின. தனியார் பள்ளங்களுக்கு அந்தக் குறைந்தபட்ச ஏற்பாடுகூட அரிது. அனுமதி ஓரிடம், மேற்பார்வை ஓரிடம், புகார் ஓரிடம் என்று மக்களை அலைய வைக்கிறார்கள். மௌலிவாக்கத்தில் 2014-இல் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடி இடிந்து 61 பேர் இறந்தார்கள்; வேளச்சேரியில் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது கட்டுமானப் பள்ளம் சரிந்து இரண்டு பேர் மாண்டார்கள். இத்தனைக்குப் பிறகும் அண்டை வீட்டார் எடுக்கும் அளவுகளைப் பெற்று ஆராய ஒரு மேசை இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அப்படியொரு மேசை வரும்வரை, அளவுகளின் நகலோடு ஒப்பந்ததாரருக்கும் மாநகராட்சிக்கும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கும் (சி.எம்.டி.ஏ.) ஒரே நாளில் பதிவுத் தபால் அனுப்புங்கள். மாநகராட்சியின் 1913 எண்ணிலும் பதிந்து புகார் எண்ணை நோட்டில் குறியுங்கள்.

ஒரு மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்ட விரிசல் உங்களைப் பயமுறுத்த வேண்டியதில்லை. ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, ஒரே வாரத்தில் சட்டென்று கூடினாலோ பொறியாளரை உடனே அழையுங்கள். தூணிலோ உத்திரத்திலோ புது விரிசல், பள்ளத்தின் விளிம்புக்கு இணையாகத் தரையில் நீண்ட பிளவு, பல கதவுகள் ஒரே நாளில் சிக்குவது, பள்ளத்தின் தடுப்புச் சுவர் சாய்வது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அளந்துகொண்டிருக்காமல் எல்லோரையும் வெளியேற்றி 112-ஐ அழையுங்கள். கனமழை எச்சரிக்கை வந்த இரவுகளில், பள்ளத்தை நோக்கிய அறைகளில் யாரும் படுக்க வேண்டாம்.