காட்டுச் சத்தம் கேட்க எந்தக் கம்ப்யூட்டர்? – கேள்வி பதில்

நான் கோவையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து பிழைப்பவன். ஓய்வு நேரத்தில் பறவை பார்ப்பவர்களோடும் காட்டுயிர் ஆய்வு மாணவர்களோடும் சுற்றுவதால், "அண்ணா, இந்த வேலைக்கு என்ன மெஷின் போடலாம்?" என்ற கேள்வி ஓயாமல் வரும். இந்தமுறை வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். விலை மட்டும் கேட்காதீர்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிய ஏற்றத்தில், இன்று சொல்லும் தொகை அடுத்த மாதம் பொய்யாகிவிடும்.

வால்பாறை பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை: பள்ளியை ஒட்டிய சோலையில் ஆடியோமாத் ஒலிப்பதிவுக் கருவி இரண்டு வைத்திருக்கிறோம். எந்தப் பறவை எந்த உயரத்தில், எந்த மாதத்தில் கூவுகிறது என்று சில வருடம் தொடர்ந்து பதிவு செய்ய ஆசை. வெப்பம் கூடக்கூடப் பறவைகள் மலையில் மேலே நகர்கின்றன என்கிறார்களே. இதற்கு எப்படிப்பட்ட கம்ப்யூட்டர் வேண்டும்?

டீச்சர், நீங்கள் முதலில் வாங்க வேண்டியது ஹார்ட் டிஸ்க். பிராசசர் அப்புறம்தான். கணக்கைப் பாருங்கள். கருவி ஒலியை நொடிக்கு 48,000 முறை அளந்து எழுதுகிறது, ஒவ்வொரு அளவும் 2 பைட். ஒரு நொடிக்கு 96,000 பைட் ஆகிறது. இருபத்து நான்கு மணி நேரமும் ஓடவிட்டால் ஒரு கருவிக்கு ஒரு நாளில் சுமார் 8.3 ஜிபி, மாதத்துக்கு 250 ஜிபி. இரண்டு கருவி, இரண்டு மாதம் என்றால் ஒரு டிபி காலி. அதனால் கால் மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம் மட்டும் பதிவாகும்படி வையுங்கள். மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பழைய பதிவுகளை ஃப்ளாக் வடிவத்துக்கு மாற்றினால் இன்னும் சுருங்கும், தரமும் போகாது. எம்பி3 ஆக்கிவிடாதீர்கள். நம் காதுக்குத் தேவையில்லை என்று அது வீசுகிற நுணுக்கங்கள் நாளை ஒரு ஆய்வாளருக்குத் தேவைப்படலாம்.

ஒலியைப் பிரித்துப் பார்க்க பேர்ட்நெட் போதும். கார்னெல் பல்கலைக்கழகமும் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய இலவச மென்பொருள் அது. பதிவை மூன்று மூன்று நொடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் எந்தப் பறவை என்று ஊகிக்கும். இதற்குக் கிராபிக்ஸ் கார்டு அவசியமே இல்லை. ரைசன் 5 5600ஜி மாதிரி படம் காட்டும் சிப்பும் உள்ளேயே இருக்கிற பிராசசர், 16 ஜிபி ரேம், இயங்குதளத்துக்கு 500 ஜிபி எஸ்எஸ்டி, பதிவுகளுக்கு 4 டிபி ஹார்ட் டிஸ்க். இவ்வளவுதான். கடைக்காரர் 'ஜி' இல்லாத 5600-ஐத் தலையில் கட்டப் பார்ப்பார். அதில் கிராபிக்ஸ் கிடையாது, தனியாகக் கார்டு வாங்கியாக வேண்டும்.

இரண்டு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒன்று எஸ்எம்பிஎஸ், அதாவது மெஷினுக்குள் மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி. கேபினெட்டோடு இலவசமாக வருகிற '450 வாட்' பெட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள், காற்றடைத்த மாதிரி இருக்கும். '80 பிளஸ் பிரான்ஸ்' என்ற மின்திறன் முத்திரை உள்ளதை வாங்குங்கள். இன்னொன்று யுபிஎஸ். உங்கள் ஊர் மழைக்குக் கரண்ட் போகிற போக்கில், எழுதிக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க் பாதியில் அணைந்தால் சிரிப்பான் குருவியின் மாதக்கணக்கான குரல் அதோடு போய்விடும்.

அதே ஆசிரியை: பேர்ட்நெட் சொல்வதை அப்படியே நம்பலாமா?

கூடாது. ஒவ்வொரு ஊகத்துக்கும் அது 0 முதல் 1 வரை ஒரு மதிப்பெண் தரும். அதை 'இத்தனை சதவீதம் சரி' என்று படித்துவிடுகிறார்கள், அது தப்பு. ஒரு பறவைக்கு 0.4 என்றாலே பெரும்பாலும் சரியாக இருக்கும். இன்னொன்றுக்கு 0.9 வந்தாலும் மரங்கொத்தியா கதவுக் கீலா என்று சந்தேகம் வரும். ஒவ்வொரு இனத்திலும் சில டஜன் துண்டுகளைக் காதால் கேட்டு, எந்த மதிப்பெண்ணுக்கு மேல் நம்பலாம் என்று நீங்களே கோடு போட வேண்டும். இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, வாரம் மூன்றையும் கொடுத்துவிட்டால் ஐரோப்பியப் பறவைகள் பட்டியலில் வந்து நிற்பது குறையும்.

துடுப்புவால் கரிச்சானை மறக்காதீர்கள். பருந்து மாதிரி, பூனை மாதிரி, இன்னும் யார் யார் மாதிரியோ கத்தும். மென்பொருள் என்ன, அனுபவசாலிகளே அதனிடம் ஏமாறுவார்கள். உங்கள் மாணவர்களிடம் அந்தத் துண்டுகளைக் கொடுங்கள், ஒரு வகுப்பு ஓடிவிடும்.

திருநெல்வேலி கல்லூரி மாணவர்: அண்ணா, எங்கள் துறையில் கேமரா டிராப் (அசைவு தெரிந்தால் தானே படமெடுக்கும் காட்டுக் கேமரா) படங்கள் ஐம்பதாயிரம் இருக்கின்றன. முக்கால்வாசி காற்றில் ஆடிய புல். ஆர்டிஎக்ஸ் கிராபிக்ஸ் கார்டு வாங்கச் சொல்லி ஹெச்ஓடியிடம் கேட்கலாமா? கேம் ஆடத்தான் கேட்கிறோம் என்று நினைப்பார்.

தைரியமாகக் கேளுங்கள் தம்பி. இங்கே கார்டுக்கு நியாயம் இருக்கிறது. மெகாடிடெக்டர் என்ற இலவச மென்பொருள் படத்தில் விலங்கு, மனிதர், வாகனம் எது இருக்கிறது என்று மட்டும் சொல்லும். அது புலியா மிளாவா என்று சொல்லாது. ஆனால் வெறும் புல்லை ஒதுக்கித் தள்ளிவிடும். நம் தலைவலியில் பெரும்பகுதி அதுதானே. பிராசசரில் மட்டும் ஓட்டினால் ஒரு படத்துக்குப் பல விநாடி ஆகும், ஐம்பதாயிரத்துக்கு நாள்கணக்கில் ஓடும். கார்டு இருந்தால் ஓர் இரவில் முடிந்துவிடும்.

ஆர்டிஎக்ஸ் 3060 கார்டில் 12 ஜிபி பதிப்பு நல்ல தேர்வு. அடுத்த தலைமுறை 4060-இல் 8 ஜிபிதான். ஆனால் 3060 இழுப்பது 170 வாட், 4060 இழுப்பது 115. பின்னாளில் நீங்களே ஏஐ மாதிரிகளைப் பயிற்றுவிக்கப் போகிறீர்கள் என்றால் நினைவகம் முக்கியம், 3060. படம் பிரிக்க மட்டும் என்றால் 4060 போதும். செகண்ட் ஹாண்டில் வாங்கினால் கடையிலேயே கால் மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். விசிறியின் அச்சு ஆடுகிறதா, திரையில் புள்ளி தெரிகிறதா என்று கவனியுங்கள். கிரிப்டோ தோண்டிக் களைத்த கார்டுகள் சந்தையில் நிறையவே உண்டு.

பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்: கரண்டைக் குடிக்கிற மெஷினை வைத்துக்கொண்டு காலநிலை மாற்றம் பற்றிப் பேசுவது வேடிக்கையாக இல்லையா?

கேட்க வேண்டிய கேள்விதான். 250 வாட் இழுக்கிற மெஷினை நாள் முழுக்க ஓட்டினால் 6 யூனிட், மாதம் 180 யூனிட். நம் நாட்டு மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. மாதத்துக்கு 126 கிலோ ஆகிறது. சும்மா இல்லை.

அதனால்தான் தேவையில்லாத கார்டு போடாதே என்று எல்லாரிடமும் கத்துகிறேன். பேர்ட்நெட் மெஷின் வாரம் ஒருநாள் சில மணி நேரம் ஓடினால் போதும், மற்ற நேரம் சுவிட்சோடு அணைத்துவிடலாம். கேமிங் மெஷினை 'ஐடில்'தானே என்று இரவெல்லாம் விட்டுவைப்பவர்கள் வீட்டில் கரண்ட் செலவை அளக்கும் கில்லாவாட் மீட்டர் மாட்டிக் காட்டியிருக்கிறேன். அதற்குப் பிறகு அணைக்கிறார்கள்.

சேலத்திலிருந்து ஒரு பொறியாளர்: நம் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரத்தைக் காலநிலை ஆய்வுக்குத் தானமாகக் கொடுக்கலாம் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2003-இல் தொடங்கிய கிளைமேட்பிரிடிக்ஷன்.நெட் திட்டம். பாயின்க் என்ற மென்பொருள் வழியாக ஓடும். பொதுமக்களின் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் ஆயிரக்கணக்கான உருவகப்படுத்தல்களை ஓட்டி 2005-இல் நேச்சர் இதழில் கட்டுரையே வெளியிட்டார்கள். கரியமில வாயு இரட்டிப்பானால் வெப்பம் 2 டிகிரியிலிருந்து 11 டிகிரிக்கும் மேல்வரை எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று அந்த மாதிரிகள் காட்டின. அந்த உச்ச எண்ணுக்குச் சாத்தியம் குறைவு என்று பின்வந்த ஆய்வுகள் சொன்னது வேறு கதை.

ஆனால் மேலே போட்ட யூனிட் கணக்கை மறந்துவிடாதீர்கள். சில வேலைகள் நாள்கணக்கில் ஓடும். மாடியில் சோலார் இருந்தால் பகலில் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கரண்டை மிச்சம் பிடிப்பதே தானம் என்பது என் கட்சி.

முனைவர் பட்ட மாணவி: வரையாட்டுக்கு எதிர்காலத்தில் எங்கே வாழிடம் மிஞ்சும் என்று மாதிரி உருவாக்குகிறேன். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் வேர்ல்டுகிளிம் அடுக்குகளை (உலகக் காலநிலை வரைபடத் தரவு) ஏற்றினாலே லேப்டாப் படுத்துவிடுகிறது. 64 ஜிபி ரேம் வாங்கச் சொல்கிறார்கள்.

வாங்காதீர்கள், முதலில் வெட்டுங்கள். ஒரு கிலோமீட்டர் அளவிலான உலக அடுக்கு ஒன்றில் 43,200க்கு 21,600 கட்டம். கிட்டத்தட்ட 93 கோடி. ஆர் ஒரு கட்டத்துக்கு 8 பைட் எடுத்தால் ஓர் அடுக்குக்கு ஏழரை ஜிபி, 19 உயிர்க்காலநிலை அடுக்குகளுக்கும் 140 ஜிபிக்கு மேல். 64 ஜிபி வாங்கினாலும் படுக்கத்தான் செய்யும். மேற்குத் தொடர்ச்சி மலையை மட்டும் வெட்டி எடுங்கள். வடக்கு தெற்காக 13 டிகிரி, கிழக்கு மேற்காக 6 டிகிரி வைத்தால் 11 லட்சம் கட்டம்தான். 19 அடுக்கும் சேர்ந்து 200 ஜிபி இல்லை, 200 எம்பிக்குள் அடங்கிவிடும். ஆர் மென்பொருளின் 'டெரா' பொதியைப் பயன்படுத்தினால் வெட்டும் வேலையை டிஸ்கிலிருந்தே செய்யும். உங்கள் 8 ஜிபி லேப்டாப் தாங்கும்.

ஆனால் ஒன்று, உங்கள் நெறியாளர் கேட்பதற்கு முன் நானே கேட்டுவிடுகிறேன். வரையாடு பிழைப்பது செங்குத்துப் பாறை விளிம்பில். ஒரு கிலோமீட்டர் கட்டத்துக்குள் பாறையும் புல்வெளியும் தேயிலைத் தோட்டமும் ஒரே சராசரியாகிவிடும். சரிவைக் காட்டும் உயர அடுக்கை 30 மீட்டர் அளவில் எடுத்துச் சேருங்கள். தமிழ்நாட்டில் 2024 கணக்கெடுப்பில் 1,031, 2025-இல் 1,303 என்று எண்ணிக்கை வந்தது நல்ல செய்திதான். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சியான ஆனைமுடியின் உயரமே 2,695 மீட்டர்தான். அதற்கு மேலே ஏறிப் போக அந்த ஆட்டுக்கு மலை கிடையாது.

சென்னை கடற்கரையில் ஆமை நடை போகும் தன்னார்வலர்: பங்குனி ஆமைக் கூடுகளில் வெப்பமானி வைத்துப் பதிவு செய்கிறோம். கம்ப்யூட்டர் வாங்கிய இரண்டே வருடத்தில் துருப்பிடித்துவிட்டது. என்ன செய்வது?

உங்களுக்குப் புது மெஷினே வேண்டாம். அரை மணிக்கு ஓர் அளவு, ஐம்பது நாள் என்றால் ஒரு கூட்டுக்கு 2,400 வரி. எந்தப் பழைய லேப்டாப்பும் போதும். அந்த 2,400 வரியில் நடுப்பகுதியைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். அடைகாலத்தின் நடு மூன்றில் ஒரு பங்கில்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்று மணலின் சூடு முடிவு செய்கிறது. சுமார் 29 டிகிரியை ஒட்டி இரண்டும் கலந்து வரும். அதற்கு மேலே போகப்போகப் பெண், இன்னும் சூடானால் முட்டைக்குள்ளேயே சாவு. ஆஸ்திரேலியாவின் கிரேட் பாரியர் ரீஃப் வடபகுதிப் பச்சை ஆமைகளில் இளசுகள் 99 சதவீதம் பெண் என்று 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. நீங்கள் பொரிப்பகத்துக்கு மேலே நிழல்வலை கட்டுகிறீர்கள் என்றால், வலைக்குக் கீழ் ஒரு மானி, வெளியே அதே ஆழத்தில் இன்னொரு மானி வையுங்கள். வலை எத்தனை டிகிரி குறைக்கிறது என்று தெரியாமல் கட்டுவதில் அர்த்தமில்லை.

துரு விஷயம்: கடற்கரை வீடுகளிலிருந்து வரும் கேபினெட்டைத் திறந்தால் பின்பக்கத் தகட்டில் செம்புள்ளி, யுஎஸ்பி வாயில் பச்சைப் பூப்பு, ரேம் கால்களில் மங்கல். உப்புக்காற்றின் வேலை. கடலைப் பார்த்த ஜன்னலோரம் வைக்காதீர்கள். மாதக்கணக்கில் அணைத்துப்போட்டால் ஈரம் தங்கும், அவ்வப்போது ஓடவிடுங்கள். ரேம் காலை மென்மையான அழிப்பானால் துடைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் இன்னொரு முறை துடையுங்கள். பாதி 'செத்த' மெஷின்கள் அதோடு எழுந்துவிடும்.

தஞ்சாவூரிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர்: விண்டோஸ் 10 நின்றுவிட்டதால் என் பழைய ஐ5 கம்ப்யூட்டரைக் காயலான் கடையில் போடச் சொல்கிறான் பேரன்.

போடாதீர்கள் ஐயா. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் பொதுவான ஆதரவை நிறுத்தியது, மெஷின் நிற்கவில்லை. ஓர் எஸ்எஸ்டி மாட்டி லினக்ஸ் மின்ட் ஏற்றினால் பறவைப் பதிவு, பார்த்த பறவைகளைப் பதியும் இபேர்ட் தளம், கடிதம் எல்லாம் நன்றாக ஓடும். பேர்ட்நெட்டும் ஓடும், மெதுவாக. அதே காலத்துப் பென்டியம், செலரானாக இருந்தால்தான் சிக்கல். அந்தப் பிராசசர்களில் வேகக் கணக்குக்கான ஏவிஎக்ஸ் வசதி இல்லை, பேர்ட்நெட்டுக்கு அடியில் ஓடும் டென்சர்ஃப்ளோ மென்பொருள் முரண்டு பிடிக்கும். 2022-இல் மட்டும் உலகம் 62 மில்லியன் டன் மின்கழிவை உண்டாக்கியது. முறையாக மறுசுழற்சி ஆனது அதில் கால்வாசிகூட இல்லை. பேரனிடம் சொல்லுங்கள்.

ஈரோட்டிலிருந்து: கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்கிறது.

எர்த் இல்லை. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், என்னை அல்ல.

பொள்ளாச்சித் தோட்டத்து வீட்டுக்காரர்: எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் பல்லி போய்ச் செத்துவிட்டது. திறந்து எடுக்கலாமா?

கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும். சர்வீஸுக்குக் கொடுங்கள், இல்லை மாற்றிவிடுங்கள். பின்பக்கம் கார்டு போடாத இடங்களில் தகட்டை மூடி வைத்தால் அடுத்த பல்லியாவது பிழைக்கும்.

மதுரையிலிருந்து ஒரு மாணவி: இவ்வளவு பதிவு செய்து, கணக்குப் போட்டு, ஏதாவது ஒரு உயிரினம் தப்பியிருக்கிறதா?

பதிவு மட்டும் எதையும் காப்பாற்றாது. ஆஸ்திரேலியாவின் டோரஸ் நீரிணையில் பிராம்பிள் கே என்று ஒரு மணல் திட்டு. கடல்மட்டத்துக்கு மேல் மூன்று மீட்டர்தான். அங்கே மட்டுமே வாழ்ந்த மெலோமிஸ் என்ற சிறு எலியைக் கடைசியாகப் பார்த்தது 2009-இல். கடல் ஏறி ஏறித் தாவரத்தை அழித்தது. 2014-இல் வலைவீசித் தேடினார்கள், ஒன்றுகூட இல்லை. 2019-இல் அரசு அழிந்ததாக அறிவித்தது. மனிதனால் வந்த காலநிலை மாற்றத்தால் அழிந்த முதல் பாலூட்டி என்று அதைச் சொல்கிறார்கள். குறைந்துகொண்டே வந்தது முன்பே தெரிந்த விஷயம். பிடித்து வேறிடத்தில் வளர்க்கும் முடிவுதான் காலத்தில் வரவில்லை.

எதிர்ப்பக்கம், 2023-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை. 942 இனங்களை மதிப்பிட்டது, சுமார் 30,000 சாதாரணப் பறவை ஆர்வலர்கள் போட்ட 3 கோடிப் பதிவுகளை வைத்து. எந்தப் பறவைக்கு முதலில் பணமும் பாதுகாப்பும் ஒதுக்குவது என்று பேச இப்போது கையில் காகிதம் இருக்கிறது. ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வரும், அதில் சேர்ந்துகொள்ளுங்கள். அதற்குக் கம்ப்யூட்டரே வேண்டாம், போன் போதும்.

கடைசியாக, மறுபடி வால்பாறை ஆசிரியை: இரண்டு ஹார்ட் டிஸ்கை ரெய்டு முறையில் (ஒரே பதிவு இரண்டிலும் எழுதப்படும்படி) இணைத்துவிட்டால் பேக்கப் வேண்டாம்தானே?

வேண்டும். ரெய்டு ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும். ஒரு மாணவன் தெரியாமல் ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். இரண்டாவது டிஸ்கை வெளியில் மாட்டும் பெட்டியில் போட்டு, பருவத்துக்கு ஒருமுறை நகலெடுத்து, பள்ளியில் இல்லாமல் உங்கள் வீட்டு அலமாரியில் வையுங்கள். மெமரி கார்டை நகல் சரிபார்த்த பிறகுதான் அழிக்க வேண்டும். கருவியின் கடிகாரத்தைச் சரியாக வைத்து, கருவி எண், இடம், உயரம், தேதி நான்கையும் ஃபோல்டர் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.