பத்தேமுக்காலை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஆங்கிலம் படிக்கவும் எழுதவும் எனக்கு ஓரளவு வரும். ஆனால் தொலைபேசியில் யாராவது நாளும் நேரமும் சொன்னால் குழம்பிப்போகிறேன். சென்ற வாரம் ஒரு நேர்காணலுக்குக் ‘குவார்ட்டர் டு லெவன்’ என்று நேரம் கொடுத்தார்கள். அதைப் பதினொன்றேகால் என்று எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் தாமதமாகப் போய் நின்றேன். தேதியையும் நேரத்தையும் பிழையில்லாமல் பேசப் பழகுவது எப்படி?”

உங்களுக்கு நேர்ந்ததைக் கவனக்குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு மொழிகளும் கடிகாரத்தை வெவ்வேறு விதமாகப் பார்ப்பதால் வந்த குழப்பம் அது. தமிழில் நாம் கடந்துபோன மணியோடு கூட்டிக்கொண்டே போகிறோம்: பத்து, பத்தேகால், பத்தரை, பத்தேமுக்கால். ஆங்கிலமும் பத்தரை வரை அப்படித்தான் போகும். ‘குவார்ட்டர் பாஸ்ட் டென்’ பத்தேகால், ‘ஹாஃப் பாஸ்ட் டென்’ பத்தரை. பெரிய முள் ஆறைத் தாண்டியவுடன் அது பத்தை விட்டுவிட்டு, வரப்போகும் பதினொன்றிலிருந்து பின்னோக்கி எண்ணத் தொடங்கிவிடும். ஆகவே 10.45 என்பது பதினொன்று ஆவதற்குக் கால் மணி நேரம் இருக்கிறது என்ற பொருளில் ‘குவார்ட்டர் டு லெவன்’ ஆகிறது. ‘பாஸ்ட்’ என்று கேட்டால் கூட்டுங்கள், ‘டு’ என்று கேட்டால் கழியுங்கள். பிரிட்டிஷ்காரர்கள் பேச்சுவாக்கில் ‘ஹாஃப் டென்’ என்று மட்டும் சொல்வதுண்டு. அதுவும் பத்தரைதான், ஒன்பதரை அன்று.

நீங்கள் பேசும்போது இந்த வழியில் போக வேண்டிய கட்டாயம் இல்லை. ‘டென் ஃபார்ட்டி ஃபைவ்’ என்று எண்களாகவே சொல்லலாம். அது குறைவான ஆங்கிலம் ஆகிவிடாது, எல்லா இடத்திலும் புரியும். 10.05 என்றால் ‘டென் ஓ ஃபைவ்’. ‘ஓ க்ளாக்’ என்பதை முழு மணிக்கு மட்டும் சேர்க்க வேண்டும். பன்னிரண்டு மணிக்கு ஏ.எம்., பி.எம். போட்டால் கேட்பவருக்கு ஐயம் வரும் என்பதால், நண்பகலை ‘நூன்’ என்றும் நள்ளிரவை ‘மிட்நைட்’ என்றும் சொல்லிவிடுவது நல்லது.

அடுத்து, பலரும் மனப்பாடம் செய்து மறந்துபோகும் ‘அட்’, ‘ஆன்’, ‘இன்’ ஆகிய மூன்றையும் பார்ப்போம். இவற்றுக்கான அளவுகோல் உங்கள் தமிழிலேயே இருக்கிறது. பத்து மணிக்கு, வெள்ளிக்கிழமையன்று, ஜூன் மாதத்தில் என்று எழுதிப் பாருங்கள். ‘கு’ வரும் கடிகார நேரத்துக்கு ‘அட்’, ‘அன்று’ வரும் நாளுக்கும் தேதிக்கும் ‘ஆன்’, ‘இல்’ வரும் மாதத்துக்கும் ஆண்டுக்கும் ‘இன்’. காலையில், மாலையில் என்பவற்றுக்கும் ‘இன்’ தான். இரவு மட்டும் விலகி ‘அட் நைட்’ என்று நிற்கும். கிழமையும் காலையும் சேர்ந்து வந்தால் கிழமையே வெல்லும்: ‘ஆன் ஃப்ரைடே மார்னிங்’. ‘திஸ்’, ‘நெக்ஸ்ட்’, ‘லாஸ்ட்’ முன்னால் வந்துவிட்டால் இந்த மூன்றில் எதுவும் வேண்டாம். ‘ஆன் நெக்ஸ்ட் ஃப்ரைடே’ என்பது பிழை.

தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்கும் என்று நம்பிவிடவும் கூடாது. இன்று காலை என்பதை அப்படியே ‘டுடே மார்னிங்’ என்றும், நேற்று இரவை ‘யெஸ்டர்டே நைட்’ என்றும் சொல்கிறோம். இயல்பான ஆங்கிலத்தில் அவை ‘திஸ் மார்னிங்’, ‘லாஸ்ட் நைட்’. ‘டுமாரோ மார்னிங்’ மட்டும் சரியாகவே அமைந்துவிடுகிறது. இரண்டு மணி நேரம் கழித்து வருகிறேன் என்பதற்கு ‘இன் டூ அவர்ஸ்’ என்பதே வழக்கு. அந்த ‘இன்’ நம் காதில் ‘இரண்டு மணி நேரத்துக்குள்’ என்று விழக்கூடும்; அந்தப் பொருளுக்கு ‘வித்தின் டூ அவர்ஸ்’ என்று தனியே இருக்கிறது.

இந்த ‘உள்’ விஷயத்தில் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும், ஏனென்றால் வேலையிடத்தில் வரும் மனத்தாங்கல்களில் பல இங்கேதான் தொடங்குகின்றன. வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டிய வேலைக்கு ‘பை ஃப்ரைடே’ என்று சொல்ல வேண்டும். புதன்கிழமையே முடித்துக் கொடுத்தாலும் சரிதான். வெள்ளிக்கிழமை வரை தொடர்ந்து நடக்கும் வேலைக்கு ‘டில் ஃப்ரைடே’. ‘ஐ வில் ஃபினிஷ் இட் டில் ஃப்ரைடே’ என்று நீங்கள் சொன்னால், கெடு எது என்பதே எதிரில் இருப்பவருக்கு விளங்காது. இதைப் போலவே, இரண்டு வருடமாக என்று கால அளவைச் சொல்ல ‘ஃபார் டூ இயர்ஸ்’, 2023இலிருந்து என்று தொடக்கத்தைச் சொல்ல ‘சின்ஸ் ட்வென்டி ட்வென்டி த்ரீ’. ‘ஃப்ரம் லாஸ்ட் டூ இயர்ஸ்’ என்பதை விட்டுவிடுங்கள்.

தேதியைப் பொறுத்தவரை, ‘பதினைந்தாம் தேதி’யில் உள்ள ‘ஆம்’ ஆங்கிலப் பேச்சிலும் வர வேண்டும். எழுதும்போது ஜூன் 15 என்று வெறும் எண்ணாக எழுதினாலும், வாசிக்கும்போது ‘ஜூன் ஃபிஃப்டீன்த்’ அல்லது ‘த ஃபிஃப்டீன்த் ஆஃப் ஜூன்’ என்றே ஒலிக்க வேண்டும். 5/6 என்று எழுதப்பட்ட தேதி அமெரிக்கருக்கு மே 6, பிரிட்டிஷாருக்கு ஜூன் 5; எனவே மாதத்தைப் பெயரால் சொல்லுங்கள். ‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’ என்பதைச் சிலர் வருகிற வெள்ளியாகவும் சிலர் அதற்கடுத்த வெள்ளியாகவும் கொள்வதால், கிழமையோடு தேதியையும் சேர்த்துவிடுவது பாதுகாப்பானது.

தொலைபேசியில் ‘தர்ட்டீன்’, ‘தர்ட்டி’ போன்ற இணைகள் ஒன்றாகக் கேட்கும். முதல் அசையில் அழுத்தம் விழுந்து கடைசி அசை குறுகினால் முப்பது. கடைசி அசை நீண்டு அழுத்தம் பெற்றால் பதின்மூன்று. அப்போதும் ஐயம் இருந்தால் கூச்சப்படாமல் ‘ஒன் த்ரீ, ஆர் த்ரீ ஸீரோ?’ என்று கேளுங்கள். அடுத்த நேர்காணலுக்கு யாராவது ‘குவார்ட்டர் டு லெவன்’ என்று நேரம் கொடுத்தால், ‘ஸோ, தட்ஸ் ஃப்ரைடே த ஃபிஃப்டீன்த், அட் டென் ஃபார்ட்டி ஃபைவ் இன் த மார்னிங், ரைட்?’ என்று உங்கள் வாயால் திருப்பிச் சொல்லி, அவர் ஆமாம் என்ற பிறகு தொலைபேசியை வையுங்கள்.