ஆறு பழைய கார்கள், ஒரு புரோக்கர்: மொத்தமாகக் கொடுக்கலாமா?

கேள்வி: பொள்ளாச்சிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அப்பாவுக்குப் பழைய கார் என்றால் உயிர். போன வருடம் தவறிவிட்டார். தோட்டத்து ஷெட்டில் ஆறு வண்டிகள் நிற்கின்றன. 1947 செவ்ரோலே ஃபிளீட்மாஸ்டர், 1952 மோரிஸ் மைனர், 1961 ஃபியட் 1100, 1969 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, அதே வருடத்து அம்பாசிடர் மார்க் 2, 1986 பிரீமியர் பத்மினி. அம்பாசிடரும் பத்மினியும் ஓடும். மற்றவை பத்து வருடமாக நின்ற இடத்திலேயே நிற்கின்றன. செவ்ரோலேயில் இருப்பது டீசல் எஞ்சின். ஷெட் மூலையில் இன்னொரு பழைய எஞ்சின் சாக்கு மூடிக் கிடக்கிறது. ஒரு புரோக்கர் ஆறையும் சேர்த்து ஒரே தொகைக்குக் கேட்கிறார், சரி என்றால் மறுநாளே லாரி வரும் என்கிறார். இன்னொருவர் வெளிநாட்டில் ஏலம் விட்டால் பல மடங்கு கிடைக்கும் என்கிறார். பெயின்ட் அடித்துவிட்டு விற்கலாம் என்பது மாமாவின் யோசனை. அம்மாவும் ஒரு தங்கையும் இருக்கிறார்கள். அம்மா, மோரிஸை மட்டும் கொடுக்காதே என்கிறார். எங்கே, எப்படி விற்பது?

பதில்: மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்த மூலையில் கிடக்கும் எஞ்சினைப் பத்திரப்படுத்துங்கள். பழைய இரும்பு எடுக்க வருபவர் கண்ணில் அது படக்கூடாது.

காரணம் சொல்கிறேன். 1947 ஃபிளீட்மாஸ்டர் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினோடு வந்த வண்டி, ஏறக்குறைய மூன்றரை லிட்டர். பெட்ரோலை நன்றாகவே குடிக்கும். அதனால் நம் பக்கத்தில் பெரிய அமெரிக்க வண்டி வைத்திருந்த பலர் அந்த எஞ்சினை இறக்கிவிட்டு பெர்கின்ஸ் டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். மெட்ராஸில் சிம்ப்சன் கம்பெனியே பெர்கின்ஸ் எஞ்சின் தயாரித்ததால் அது எளிதாகக் கிடைத்தது. 1973க்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறியபோது இந்த வேலை இன்னும் அதிகமாக நடந்தது. இறக்கிய எஞ்சின் பெரும்பாலும் காயலான் கடைக்குத்தான் போனது. உங்கள் ஷெட்டில் சாக்கு மூடிக் கிடப்பது அந்த வண்டியோடு பிறந்த எஞ்சினாக இருந்தால், யாரோ ஒருவர் அதன் அருமை தெரிந்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

டிஸ்ட்ரிபியூட்டருக்கு (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பாகம்) பக்கத்தில் எஞ்சின் எண் அடித்திருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் மெதுவாகத் துடையுங்கள். கம்பி பிரஷ், உப்புத்தாள் எதுவும் வேண்டாம். எண்ணைப் படம் எடுத்து ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் நம்பரோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்று என்றால் உங்கள் செவ்ரோலே வேறு தரத்துக்குப் போய்விடுகிறது, விலையும் அப்படியே. ஆர்.சி.யில் டீசல் எஞ்சின் எண் இருந்தால், மாற்றத்தை முறையாகப் பதிந்திருக்கிறார்கள் என்று பொருள். அப்போதும் பழைய எஞ்சின் வண்டியோடுதான் போக வேண்டும், தனியாக அல்ல.

இப்போது புரோக்கர் விஷயம். ஆறு வண்டியையும் ஒரே தொகைக்குக் கேட்பவர் மனதில் ஆறு கணக்கு இருக்காது. இரண்டு வண்டிக்குத்தான் கணக்குப் போட்டிருப்பார். மீதி நான்கும் அவருக்கு இனாம். மறுநாளே லாரி என்று அவசரப்படுத்துவது, மூலையில் கிடக்கும் எஞ்சினையும் மற்ற உதிரி பாகங்களையும் நீங்கள் கவனிப்பதற்குள் ஏற்றிவிடத்தான் என்று நினைக்கிறேன். ஷெட்டை ஒரு வாரத்தில் காலி செய்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடி இருந்தால் மொத்த விற்பனை பற்றி யோசிக்கலாம். உங்களுக்கு அது இல்லை. கார்களைச் சேர்த்தது ஒரே மனிதர்தான். ஆனால் அவற்றை வாங்கப் போகிறவர்கள் ஆறு விதமானவர்கள். பத்மினி தேடுகிற இளைஞர் செவ்ரோலேயைத் திரும்பிப் பார்க்க மாட்டார். செவ்ரோலே தேடுகிறவருக்குப் பத்மினி நிறுத்த இடம் இருக்காது. அதனால் ‘எங்கே விற்பது’ என்பதை ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும்.

அதற்கு முன் காகிதம். வண்டி அப்பா பெயரில் இருக்கும்வரை நீங்கள் விற்கவே முடியாது. தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, படிவம் 31 கொடுத்து உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். அம்மாவும் தங்கையும் உங்களைப் போலவே வாரிசுகள். அவர்கள் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். இறந்த மூன்று மாதத்துக்குள் செய்திருக்க வேண்டிய வேலை இது. தாமதத்துக்கு அபராதம் வந்தால் கட்டிவிடுங்கள். வாங்க வருபவரிடம் விலை பேசுவதற்கு முன்பே தங்கையோடு உட்கார்ந்து பேசுங்கள். விற்று முடித்த பிறகு பேசிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன், வண்டியும் போய் உறவும் போயிருந்தது.

கையால் எழுதிய பழைய ஆர்.சி. புத்தகங்களில் உள்ள விவரம் பல சமயம் கம்ப்யூட்டரில் ஏறியிருக்காது. பரிவாகன் என்ற அரசு வாகனப் பதிவு இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். வரவில்லை என்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் புத்தகத்தைக் காட்டிப் பதிவேற்றச் சொல்ல வேண்டும். அலைச்சல்தான். ஆனால் பதிவேறிய வண்டிக்கும் ஏறாத வண்டிக்கும் விலை வித்தியாசம் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். சேசிஸ் நம்பரைப் பென்சில் தேய்த்து அச்சு எடுத்து ஒவ்வொரு வண்டியின் ஃபைலிலும் வையுங்கள். அப்பா வாங்கிய ரசீது, பழைய வரி ரசீது, ஒர்க் ஷாப் பில், கல்யாணத்தில் வண்டிக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படம், எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டு வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாமல் இருக்கும் வண்டிகளுக்கு அது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும், அடுத்த முறை 5,000. ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய எண்ணே தொடரும். எனவே எம்எஸ், எம்டி என்று தொடங்கும் அந்தக் காலத்து எண் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். உங்கள் ஆறில் பத்மினியைத் தவிர ஐந்துக்கும் வயது இருக்கிறது. ஆனால் ஐந்தையும் அப்படிப் பதியாதீர்கள். விண்டேஜ் பதிவு வாங்கினால் கண்காட்சி, ராலி, பராமரிப்பு மாதிரியான தேவைகளுக்குத்தான் சாலையில் எடுக்கலாம், அன்றாடம் ஓட்ட முடியாது. ஓடுகிற அம்பாசிடரை வாங்குகிறவர் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஆழியாறு போய்வரத்தான் வாங்குகிறார். அவருக்குச் சாதாரண ஆர்.சி. புதுப்பித்துக் கொடுங்கள். மாறாக, செவ்ரோலேக்கு விண்டேஜ் பதிவு கௌரவம். டீசல் எஞ்சின் இருக்கும்வரை அதைக் கேட்பது கஷ்டம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மாமாவின் யோசனைக்கு என் பதில் ஒரே வார்த்தை: வேண்டாம். தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் ஆஸ்டின் காருக்கு நானே பெயின்ட் அடிக்கச் சொன்னேன். பட்டி பார்த்துப் பளபளவென்று நின்றது. வாங்க வந்தவர் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் கதவின் அடிப்பகுதியில் வைத்தார். அது ஒட்டாமல் கீழே விழுந்தது. அந்தப் பட்டிக்கு அடியில் துரு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது என்பதால், இருப்பதைவிட மோசமாக நினைத்துக்கொண்டு போய்விட்டார். பழைய பெயின்ட்டோடு நிற்கும் வண்டியில் துரு கண்ணுக்குத் தெரியும். தெரிகிற குறைக்குத்தான் வாங்குபவர் சரியான விலை போடுவார்.

2015 பிப்ரவரியில் பாரிஸில் ஆர்ட்கூரியல் ஏல நிறுவனம் பையோன் குடும்பத்தின் 59 கார்களை ஏலம் விட்டது. பிரான்சின் மேற்குப் பகுதியில் ஒரு பண்ணைக் கொட்டகையில் பல பத்தாண்டுகள் கிடந்தவை. தூசியும் துருவும் அப்படியே இருக்க மேடைக்கு வந்தன. அவற்றில் ஒரு ஃபெராரி கலிஃபோர்னியா ஸ்பைடர், பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்தது. நடிகர் அலென் டெலான் அதில் இருக்கும் பழைய படங்களும் கிடைத்தன. அது ஒரு கோடியே 60 லட்சம் யூரோவுக்கு மேல் போனது. 59 கார்களும் சேர்ந்து சுமார் இரண்டரைக் கோடி யூரோவுக்குப் போயின. உங்கள் ஷெட்டில் ஃபெராரி இல்லை. ஆனால் தொடாத வண்டியும் அதன் பழைய படமும் சேர்ந்தால் என்ன மதிப்பு என்பது பொள்ளாச்சிக்கும் பொருந்தும்.

பெயின்ட் வேண்டாம் என்றால் வேறு வேலையும் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். எஞ்சின் உயிரோடு இருப்பதைக் காட்டிவிட்டால் பாதி பேரம் முடிந்த மாதிரி. பத்து வருடம் நின்ற வண்டியில் பேட்டரி கொடுத்து உடனே செல்ஃப் அடிக்காதீர்கள். பழைய பெட்ரோலை இறக்கி, டேங்கைக் கழுவி, பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊற விடுங்கள். பிறகு கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால்தான் அடுத்தது. இந்த வேலைக்கு வயதான மெக்கானிக் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். ஃபியட்டுக்கும் ஹெரால்டுக்கும் கார்புரேட்டர் தெரிந்த கைகள் கோவையில் இன்னும் இருக்கின்றன.

சரி, எங்கே விற்பது? பத்மினியும் அம்பாசிடரும் இணைய விளம்பரத்திலேயே போகும். அவற்றை முதலில் விற்றுவிடுங்கள். பேரம், பெயர் மாற்றம் எல்லாம் கை பழகும், வரும் பணத்தில் மற்ற வண்டிகளின் காகிதச் செலவும் முடியும். செவ்ரோலே மாதிரி அரிய வண்டியை முதலில் கொடுத்துவிட்டால் மீதியைப் பார்க்க யாரும் ஊருக்கு வர மாட்டார்கள். விளம்பரப் படத்தில் ஆர்.சி. புத்தகத்தையும் சேசிஸ் எண்ணையும் காட்டாதீர்கள். நேரில் வருபவருக்கு மட்டும் காட்டுங்கள்.

ஃபியட், ஹெரால்டு இரண்டுக்கும் கிளப் வட்டாரம்தான் சரியான இடம். சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப், ஹிஸ்டாரிகல் கார் அசோசியேஷன் ஆஃப் இந்தியா என்று பழைய கார்க்காரர்களின் அமைப்புகள் இருக்கின்றன. ஹெரால்டு சென்னையில் ஸ்டாண்டர்ட் கம்பெனி தயாரித்த வண்டி, அதன் மேல் பிரியம் உள்ளவர்கள் அங்கே உண்டு. அவர்களுக்கு வண்டியைவிட உதிரி பாகம் கிடைப்பதுதான் பெரிய பாடு. அதனால் உங்களிடம் வந்து, “வண்டி இருக்கட்டும், அந்த பேட்ஜையும் விளக்குக் கண்ணாடியையும் மட்டும் கொடுங்கள்” என்று கேட்பார்கள். கொடுத்துவிட்டால் நிற்கும் வண்டியின் விலை சரிந்துவிடும். ஷெட்டில் உள்ள ஒவ்வொரு பாகத்தையும் அதனதன் வண்டிக்குச் சேர்த்துப் பெட்டி கட்டி வையுங்கள்.

செவ்ரோலேக்கு மட்டும் ஏலத்தைப் பற்றி யோசியுங்கள். மும்பையின் அஸ்டகுரு போன்ற ஏல நிறுவனங்கள் பழைய கார்களை இணையத்தில் ஏலம் விட்டிருக்கின்றன. கேட்க வேண்டிய கேள்விகள்: உங்கள் கமிஷன் எவ்வளவு, வாங்குபவரிடம் தனியாக எவ்வளவு எடுப்பீர்கள், மும்பைக்கு வண்டியை ஏற்றும் செலவு யாருடையது, குறைந்தபட்ச விலையை யார் முடிவு செய்வது. அந்தக் குறைந்தபட்ச விலையை ஆசைப்பட்டு உயர்த்தி வைக்காதீர்கள். ஏலத்தில் போகாமல் திரும்பிய வண்டியை எல்லோரும் பார்த்திருப்பார்கள், அடுத்து வருபவர் அதற்குக் கீழேதான் கேட்பார். விலை மதிப்பிட, வண்டியை வாங்கும் எண்ணம் இல்லாத ஒருவருக்குக் கூலி கொடுத்து எழுத்தில் வாங்குங்கள். வாங்க வருகிறவரையே விலை சொல்லச் சொன்னால் அவர் தனக்கு வேண்டிய விலையைத்தான் சொல்வார்.

வெளிநாட்டு ஏலம் என்றவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். 1950க்கு முன் தயாரான கார்களையும் அவற்றின் பாகங்களையும் அரசு உரிமம் இல்லாமல் இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்ய முடியாது. உங்கள் செவ்ரோலே 1947. உரிமம் வாங்கிவிடலாம் என்று அட்வான்ஸ் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

வண்டியைத் தன் ஷோரூமில் வைத்து விற்றுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், உங்கள் கைக்கு வர வேண்டிய தொகை, காலக்கெடு, அதுவரை இன்சூரன்ஸ் யார் பொறுப்பு ஆகிய மூன்றையும் எழுதி வாங்காமல் சாவியைக் கொடுக்க வேண்டாம்.

பணம் முழுவதும் வங்கியில் ஏறிய பிறகே வண்டி ஷெட்டைத் தாண்ட வேண்டும். ஒரு விற்பனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது சட்டப்படி தவறு. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை விற்றால் பொதுவாக மூலதன ஆதாய வரி கிடையாது. ஆனால் எந்த வண்டியாவது அப்பாவின் தொழில் கணக்கில் இருந்து தேய்மானம் காட்டப்பட்டிருந்தால் கதை வேறு, ஆடிட்டரைக் கேளுங்கள்.

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டையும் வாங்குபவர் பெயர், தேதி எல்லாம் நிரப்பித்தான் கையெழுத்துப் போட வேண்டும். வெற்றுப் படிவம் கேட்கிற புரோக்கர்கள் நிறைய. டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதுங்கள். வாங்குபவர் நம் மாநிலத்துக்காரர் என்றால் 14 நாளுக்குள் நீங்களே ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவியுங்கள், வெளிமாநிலம் என்றால் என்.ஓ.சி.யும் (ஆட்சேபம் இல்லை என்ற சான்று) வேண்டும். வண்டியை விற்றுவிட்டாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பெயர் மாறியதை நீங்களே தளத்தில் பார்க்கும்வரை விற்பனை முடியவில்லை என்றே எண்ணுங்கள்.

மோரிஸை அம்மா சொன்னபடியே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வண்டி போன பிறகு ஒரு சின்ன வண்டிக்கு ஷெட்டில் இடம் தாராளமாக இருக்கும். படிவம் 31 கொடுக்கும்போது அதை மட்டும் அம்மா பெயருக்கே எழுதுங்கள். நான்கு சக்கரத்தையும் ஜாக்கி போட்டுத் தூக்கிக் கட்டையில் நிறுத்தி, மாதம் ஒரு முறை எஞ்சினைக் கையால் சுற்றிவிடச் சொல்லுங்கள்.