கதை முடிந்ததும் நீதி கேட்காதீர்கள்: கேள்வி பதில்

அரசுப் பள்ளிகளிலும் கிளை நூலகங்களிலும் 19 ஆண்டுகளாகக் கதை சொல்லி வருகிறேன். ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் தருகிறேன். கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில்.

தொடக்கப் பள்ளி ஆசிரியை, திண்டுக்கல்: கதையை மனப்பாடம் செய்துகொண்டு போகிறேன். வகுப்பில் பாதியில் மறந்துவிடுகிறது.

மனப்பாடம் செய்வதால்தான் மறக்கிறது டீச்சர். ஒரு வரி நழுவினால் அடுத்த வரி வராது. கதையை இடம் இடமாக மனசில் வையுங்கள். பேர் மறந்துபோன ஈயின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீடு மெழுகிக்கொண்டிருந்த ஈ தன் பேரையே மறந்து, வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் 'என் பேர் என்ன?' என்று கேட்டுக்கொண்டு போகும். அந்த வழியில் நீங்களும் நடந்து பாருங்கள்: தொழுவம், மேய்ச்சல் காடு, மரம், குளம், குளத்தங்கரை, புல்வெளி. ஆறே இடம்தான். அங்கே போய் நின்றால் வார்த்தை தானாக வரும். மாற்றாமல் சொல்ல வேண்டியவை மூன்று: முதல் வரி, கடைசி வரி, பிள்ளைகள் கூடச் சேர்ந்து சொல்லும் வரி.

'கொழு கொழு கன்னே, கன்னின் தாயே, தாயை மேய்க்கும் இடையா, இடையன் கைக் கோலே...' இது அந்தாதி. ஒன்று முடிகிற இடத்தில் அடுத்தது தொடங்கும். நீங்கள் ஒரு கண்ணியை விட்டாலும் பிள்ளைகள் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

ஒத்திகையைக் கண்ணாடி முன்னால் பார்க்காதீர்கள். கண்ணாடி 'உம்' கொட்டாது. நம் ஊர்க் கிழவிகள் எதிரில் இருப்பவர் உம் கொட்டினால்தான் மேலே சொல்வார்கள். வில்லுப்பாட்டிலும் புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடுவார். வீட்டில் யாருக்காவது மூன்று தடவை சொல்லிப் பாருங்கள். மூன்றாவது தடவையில் கதை உங்களுடையதாகிவிடும்.

அங்கன்வாடிப் பணியாளர், கடலூர்: எவ்வளவு நேரம் சொல்லலாம்?

ஏழு நிமிடம். பிள்ளைகள் மறுபடியும் கேட்டால் அதே கதையையே மறுபடியும் சொல்லுங்கள், புதுசு வேண்டாம்.

கிளை நூலகர், தஞ்சாவூர் மாவட்டம்: ஞாயிற்றுக்கிழமை கதை நேரம் வைக்கிறோம். பிள்ளைகள் வருகிறார்கள், கேட்கிறார்கள், போய்விடுகிறார்கள். புத்தகத்தைத் தொடுவதில்லை.

புத்தகம் எங்கே இருக்கிறது சார்? அலமாரியில் இருந்தால், அதுவும் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியாக இருந்தால், பிள்ளைகள் தொட மாட்டார்கள். கதை சொல்லும் பாயின் ஓரத்திலேயே பத்துப் புத்தகத்தை அட்டை தெரிகிற மாதிரி பரப்பி வையுங்கள். ஈ கதை சொல்கிற அன்று பூச்சி, குளம், குதிரை என்று கதையில் வருகிறவற்றைப் பற்றிய புத்தகங்களாக இருக்கட்டும். கதை முடிந்ததும் 'எடுத்துப் படிங்க' என்று சொல்லாதீர்கள். நீங்களே ஒன்றை எடுத்துப் பிரித்து உட்காருங்கள். பத்து நிமிடம் யாரும் அவர்களைக் கிளப்பக் கூடாது. பக்கத்துப் பள்ளியில் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் இருக்கும். நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்தவை. தலைமையாசிரியரிடம் பேசி அவற்றையும் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள். வெளிச்சம் பிள்ளைகள் கண்ணில் அடிக்கும், உங்கள் முகம் அவர்களுக்கு இருட்டாகத் தெரியும். முகம் தெரியாமல் கதை ஏறாது.

பட்டதாரி ஆசிரியர், விழுப்புரம்: கதை முடிந்ததும் நீதி என்ன என்று எப்படிக் கேட்பது?

கேட்காதீர்கள். இதைத்தான் எந்தப் பயிற்சியிலும் முதலில் சொல்வேன். ஒரு மூன்றாம் வகுப்பில் காக்கா வடை கதை சொன்னேன். முடித்த உடனே வகுப்பாசிரியர், 'இதிலிருந்து என்ன கத்துக்கிட்டீங்க?' என்று கேட்டார். 'யாரும் புகழ்ந்தா மயங்கக் கூடாது' என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. கடைசி வரிசையில் ஒரு பையன் கையைத் தூக்கியபடியே இருந்தான். போகும்போது கூப்பிட்டுக் கேட்டேன். 'வடை போச்சே, பாட்டிக்கு யாரு காசு குடுப்பா?' என்றான். அவன் அம்மா பள்ளிக்கூட வாசலில் பணியாரம் விற்கிறவர். இத்தனை வருடம் அந்தக் கதையைச் சொன்ன எனக்குப் பாட்டியின் நஷ்டம் தோன்றியதே இல்லை. நீதி கேட்டால் இந்த மாதிரிக் கேள்வி செத்துப்போகும். கேட்டே ஆக வேண்டுமென்றால், 'உனக்கு எந்த இடம் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது?' என்று கேளுங்கள்.

தன்னார்வலர், இல்லம் தேடிக் கல்வி: அப்படியென்றால் நீதிக் கதைகளை எப்படித்தான் முடிப்பது?

கதை முடிகிற இடத்தில் முடியுங்கள். மேலே உள்ள பதிலைப் பாருங்கள்.

பெற்றோர், கோவை: முகமூடி, கைப்பொம்மை எல்லாம் வாங்க வேண்டுமா?

வேண்டாம். ஒரு துண்டு போதும். அது கன்றுக்குட்டியாகும், குளமாகும், வலையாகும்.

தமிழாசிரியை, விருதுநகர்: ஈ கதையில் இடையன், வலையன், குயவன் என்று வருகிறது. அதை அப்படியே சொல்லலாமா?

கேட்டதற்கு நன்றி டீச்சர். நானும் பல வருடம் அப்படியேதான் சொன்னேன். ஒரு கிராமத்துப் பள்ளியில் கதை முடிந்து வெளியே வந்தபோது ஒரு பையனை மூன்று பேர் 'ஏ குயவா' என்று கூப்பிட்டுத் துரத்தினார்கள். அந்தச் சொல்லை அவர்கள் கையில் கொடுத்தது என் கதை. அதற்கப்புறம் அப்படிச் சொல்வதில்லை.

நாட்டுப்புறவியல் ஆய்வு மாணவர், திருநெல்வேலி: இது ஏற்கத்தக்கதல்ல. மக்கள் வழக்கை நம் வசதிக்குத் திருத்தினால் அது நாட்டுப்புறக் கதையே இல்லை. கி. ராஜநாராயணன் போன்றவர்கள் சொன்னது சொன்னபடி தொகுத்துக் கொடுத்ததை நாம் மாற்றுவதா?

தம்பி, தொகுப்பவர் மாற்றக் கூடாது. அதில் உங்கள் பக்கம்தான் நான். அச்சில் ஒரு சொல்லையும் தொடாதீர்கள். ஆனால் நான் தொகுப்பவள் இல்லை, சொல்கிறவள். என் பாட்டி சொன்ன ஈ கதையில் கொடிமரம் உண்டு, அவர் அக்கா சொன்னதில் கிடையாது. இரண்டு பேரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். எதிரில் இருப்பவரைப் பார்த்துச் சொல்வதுதான் வாய்மொழி.

அதே மாணவர்: ஓசை போய்விடுமே? 'மாடு மேய்ப்பவரே' என்றால் பாட்டா அது?

அது நியாயமான கேள்வி. 'மேய்ப்பவரே' என்று போட்டால் பிள்ளைகள் வாயில் நிற்காது, நானும் போட்டுப் பார்த்துத் தோற்றேன். ஓசை அந்தச் சாதிப் பெயரில் இல்லை, அந்தாதியில் இருக்கிறது. இப்போது நான் சொல்வது இது:

கொழு கொழு கன்னே, கன்னின் தாயே,
தாயை மேய்க்கும் அண்ணே, அண்ணன் கைக் கோலே,
கோலு வெட்டின மரமே, மரத்துல நிக்கும் கொக்கே,
கொக்கு குளிக்கும் குளமே, குளத்துல நீந்தும் மீனே,
மீனைப் பிடிக்கும் அக்கா, அக்கா கைச் சட்டியே,
சட்டி செஞ்ச மண்ணே, மண்ணுல முளைச்ச புல்லே,
புல்லைத் தின்னும் குதிரையே, என் பேர் என்ன?

கை தட்டிச் சொல்லிப் பாருங்கள் தம்பி.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சேலம்: தொழிலை மறைத்தால், உழைக்கிறவர்களைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும் அம்மா?

தொழிலை மறைக்கவில்லை ஐயா. மேய்க்கிறார், மீன் பிடிக்கிறார், சட்டி செய்கிறார்கள். பிறப்பால் ஒட்டிய பெயரைத்தான் எடுத்தேன். மீன் பிடிக்கும் அக்கா வந்த பிறகு பெண் பிள்ளைகள் அந்த வரியை எவ்வளவு சத்தமாகச் சொல்கிறார்கள் தெரியுமா!

கல்லூரி மாணவர், சென்னை: எழுத்தாளர்களின் கதைகளைச் சொல்லி வீடியோ போடலாமா?

எழுதியவரிடமோ பதிப்பகத்திடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. வகுப்பில் சொன்னாலும் அவர் பெயரைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

பெற்றோர், திருச்சி: என் மகனுக்குத் திக்குவாய். கதை சொல்லப் பழகினால் சரியாகிவிடுமா?

முதலில் பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள் அம்மா, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். என் கூட்டத்துக்கும் தாராளமாக அழைத்து வாருங்கள். எல்லோரும் சேர்ந்து சொல்லும் வரியில் அவனும் சேரலாம். தனியாக எழுப்பிச் சொல்லச் சொல்ல மாட்டேன்.

ஆசிரியர், நாமக்கல்: கதையின் நீதியைக் கரும்பலகையில் எழுதிப் போடலாமா?

வேண்டாம் சார். மூன்றாவது தடவை சொல்கிறேன்.

நாட்டுப்புறவியல் ஆய்வு மாணவர், திருநெல்வேலி: கை தட்டிப் பார்த்தேன், நிற்கிறது. அச்சு பற்றி என் கருத்து மாறவில்லை. நாளை என் அக்கா மகளின் பள்ளியில் சொல்லப் போகிறேன். முடிவை எப்படிச் சொல்வது?

குதிரையிடம் ஈ கேட்டதும் நிறுத்துங்கள், மூச்சைக்கூட இழுக்காதீர்கள். பிறகு தலையைத் தூக்கிக் குதிரை மாதிரி 'ஈஈஈஈ' என்று கனையுங்கள். அதற்கு மேல் நீங்கள் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். பேரை அவர்கள் சொல்லட்டும்.