மொழியியலா, ஒப்பிலக்கியமா?

கேள்வி: என் மகள் பி.ஏ. தமிழ் இறுதி ஆண்டு படிக்கிறாள். முதுகலையில் மொழியியல் அல்லது ஒப்பிலக்கியம் படிக்க வேண்டும் என்கிறாள். உறவினர்களோ, 'இரண்டும் தமிழ் எம்.ஏ. மாதிரிதான், பெயர்தான் வேறு' என்கிறார்கள். உண்மையில் என்ன வேறுபாடு?
(ஒரு வாசகி, பெருந்துறை)

பதில்: உறவினர்கள் சொல்வதில் பாதி உண்மைகூட இல்லை. தொல்காப்பியமும் நன்னூலும் படித்தவர் மொழியியல் வகுப்புக்கு ஓரளவு ஆயத்தமாகவே வருகிறார் என்பது சரி. ஆனால் அங்கே கேள்வியே மாறிவிடுகிறது. எது திருத்தமான வழக்கு என்று மொழியியல் தீர்ப்புச் சொல்வதில்லை. மக்கள் பேசும் பேச்சு எந்த ஒழுங்கில் இயங்குகிறது என்பதையே அது ஆராய்கிறது.

உங்கள் வீட்டுப் பேச்சிலிருந்தே ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 'நான் வந்தனுங்க' என்று கொங்கு நாட்டில் ஒருவர் சொல்லும்போது, வந்தவர் அவர்தான். ஆனால் 'ங்க' என்பது காட்டும் மரியாதை கேட்பவருக்கு உரியது. 'எங்க பையன் வந்தானுங்க' என்றால் பையனுக்கு அந்த மரியாதை சேர்வதில்லை. வினைமுற்று எழுவாயின் திணை, பால், எண், இடத்துக்கு ஏற்ப முடியும் என்று இலக்கணத்தில் படித்திருக்கிறோம். இங்கோ எழுவாயாகவோ செயப்படுபொருளாகவோ தொடரில் இடம்பெறாத ஒருவருக்காக, அவர் எதிரே நின்று கேட்கிறார் என்பதற்காகவே, வினையின் இறுதியில் ஓர் உறுப்பு சேர்கிறது. பிரான்சு, ஸ்பெயின் எல்லையில் வழங்கும் பாஸ்கு மொழியிலும், பீகாரில் பேசப்படும் மகதியிலும் கேட்பவரைக் குறிக்கும் உறுப்பு வினையோடு சேர்வதுண்டு. அவற்றோடு தமிழின் 'ங்க'வையும் வைத்துத் தொடரியல் அறிஞர்கள் விவாதித்திருக்கிறார்கள். 'எதுக்குங்க', 'நாளைக்குங்க' என்று வினையல்லாத சொற்களிலும் ஒட்டும் இந்த உறுப்பு, ஒரு தொடருக்குள் அடங்கிய இன்னொரு தொடரில் வருமா, வந்தால் யாருக்கு மரியாதை என்ற கேள்விகளைத் துருவிக்கொண்டே போவதில் உங்கள் மகளுக்குச் சுவை இருந்தால், அவருக்கு ஏற்றது மொழியியல். இந்த வகைக் கேள்வி சலிப்பூட்டினால், ஒலி, சொல்லின் உறுப்புகள், தொடர், பொருள் ஆகியவற்றை ஆராயும் ஒலியியல், ஒலியனியல், உருபனியல், தொடரியல், பொருண்மையியல் என்று இரண்டு ஆண்டுகள் படிப்பது அவருக்குத் தண்டனையாகிவிடும்.

ஒப்பிலக்கியத்துக்கும் எடுத்துக்காட்டு உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. விஜயமங்கலத்தோடு தொடர்புபடுத்தப்படும் கொங்குவேளிர் இயற்றிய, உதயணன் என்ற அரசனின் கதையைச் சொல்லும் பெருங்கதைக்கு, குணாட்டியர் பைசாச மொழியில் செய்ததாகச் சொல்லப்படும் பிருகத்கதையே மூலம்; அந்த மூல நூல் இன்று இல்லை. அதன் கதைகளை 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர், அரசி சூரியமதி கேட்டு மகிழ்வதற்காக வடமொழியில் பாடினார். ஒரே உதயணன் கதை காஷ்மீர அரசவையில் ஒரு வடிவமும், தமிழில் சமணப் புலவர் ஒருவரின் அகவற்பாவில் வேறொரு வடிவமும் கொண்டது எப்படி, எதை ஒவ்வொருவரும் விரித்தார்கள், எதைச் சுருக்கினார்கள், காரணம் சமயமா, அவையினரா, யாப்பு மரபா என்று கேட்பதே ஒப்பிலக்கியம். 1924இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த பெருங்கதைக்கு முதலும் முடிவும் கிடைக்கவில்லை என்பதால், பிற மொழி வடிவங்களின் துணையில்லாமல் அதன் கதைப்போக்கை முழுதாக அறியவும் இயலாது. இரண்டு நூல்களை எடுத்து வைத்து எது சிறந்தது என்று பட்டியலிடுவதை ஒப்பிலக்கியம் என்று எண்ணுகிற பழக்கம் நம் கருத்தரங்குகளில் இன்னும் போகவில்லை. அதை நம்பி உங்கள் மகள் இந்தத் துறைக்கு வர வேண்டாம்.

கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் மொழியியலுக்குத் தனித் துறை உண்டு. ஒப்பிலக்கியம் தமிழ்நாட்டில் பெரும்பாலும் தமிழ், ஆங்கில முதுகலைப் படிப்புகளுக்குள் ஒரு தாளாகவே இருப்பதால், அதைத் தனிப் பட்டமாகப் படிக்க விரும்புவோர் 1956இல் இத்துறையைத் தொடங்கிய கொல்கத்தாவின் யாதவ்பூர் பல்கலைக்கழகம், ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் போன்றவற்றை நாட வேண்டியிருக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டில் பேசுவது கன்னடம். படித்தது தமிழ்வழி. ஆங்கிலம் சுமார்தான். இந்த நிலையில் நான் ஒப்பிலக்கியம் படிக்க முடியுமா?
(ஒரு மாணவர், தாளவாடி)

பதில்: மற்றவர்கள் பல ஆண்டுகள் முயன்று பெறுவதை நீங்கள் வீட்டிலேயே பெற்றிருக்கிறீர்கள். ஒப்பிலக்கிய ஆய்வில் மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி எழுதப்படுவதற்கும், இரு மொழிகளையும் நேரடியாகப் படித்து எழுதப்படுவதற்கும் மதிப்பில் பெரிய இடைவெளி உண்டு. ஆனால் பேசத் தெரிவது வேறு, படிக்கத் தெரிவது வேறு. கன்னட எழுத்தைக் கற்று, முதலில் சிறுகதைகளும் பிறகு வீரசைவ அடியார்களின் பாடல்களான பழைய வசனங்களும் படிக்கத் தொடங்குங்கள். பாலக்காட்டு எல்லையில் மலையாளம் அறிந்தவர்களுக்கும், வீட்டில் தெலுங்கு பேசும் கோவைக் குடும்பத்தினருக்கும் இதையே சொல்வேன்.

ஆங்கிலத்தைப் பற்றி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. வகுப்பும் நூல்களும் தேர்வும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கும். பேச்சு வளத்தைவிட, ஒரு கட்டுரையைப் படித்து அதன் வாதத்தை ஒரு பக்கத்தில் சொந்த நடையில் எழுதும் திறமையே அங்கே உங்களுக்கு உதவும். அதை இப்போதே பழகத் தொடங்கலாம்.

மொழியியல் பக்கமும் ஒருமுறை பாருங்கள். அமெரிக்க மொழியியலாளர் எமனோ 1930களில் நீலகிரியில் தங்கித் தோடர், கோத்தர் மொழிகளை ஆராய்ந்தார். பின்னர் அவரும் ஆங்கிலேய அறிஞர் பர்ரோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961இல் வெளிவந்தது. அப்படிப்பட்ட களப்பணிக்கு, இரு மொழிகள் கலந்து புழங்கும் உங்கள் மலைப்பகுதி இன்றும் ஏற்ற இடம்.

கேள்வி: மொழியியல் படித்தால் வேலை கிடைக்குமா? பேச்சுப் பயிற்சி சிகிச்சையாளராகலாம் என்றும் ஒருவர் சொன்னார்.
(ஒரு வாசகர், உடுமலை)

பதில்: கல்லூரி ஆசிரியப் பணிக்கான நெட் தேர்வில் மொழியியலும் ஒப்பிலக்கியமும் தனித்தனிப் பாடங்களாக உள்ளன. ஆனால் மொழியியலுக்குத் தனித் துறை வைத்திருக்கும் கல்லூரிகள் குறைவு என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. 1969இல் மைசூரில் தொடங்கப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், அகராதிப் பணி, மொழிபெயர்ப்பு, பேச்சை எழுத்தாக்கும் கணினித் தொழில்நுட்பம் ஆகியவற்றிலும் இடமுண்டு. கணினிப் பக்கம் போகிறவர்கள் படிக்கும்போதே பைத்தான் என்ற கணினி நிரல் மொழியும் புள்ளியியலும் கற்றுக்கொள்ள வேண்டும். பட்டம் மட்டும் அங்கே செல்லாது.

பேச்சுப் பயிற்சி சிகிச்சையைப் பற்றி நண்பர் சொன்னது தவறு. அதற்கு மொழியியல் எம்.ஏ. போதாது. பேச்சு, செவித்திறன் துறைக்கென உள்ள தனிப் பட்டமும், இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவும் வேண்டும். அந்தப் பட்டப்படிப்பில் சேர மேல்நிலை வகுப்பில் அறிவியல் பாடங்கள் படித்திருக்க வேண்டும் என்பதால், அந்தத் திசையில் எண்ணமிருந்தால் பதினோராம் வகுப்பில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.